வியப்பு உறுதிமொழி

நூல் பதிவு வாரியத்தைப் பற்றிக் குறை சொல்கிறவர்கள் எல்லாரும் அங்கே ஒரு தடவைகூடக் கால் வைக்காதவர்கள். கால் வைத்தவர்கள் குறை சொல்வதில்லை. அதற்கான படிவம் அவர்களுக்கு இன்னும் கிடைத்திருக்காது. இந்தக் கதையில் வருகிற மீட்டர்காரர் இரண்டிலும் சேராதவர். அவர் வாரியத்தை நம்பினார்.

முப்பத்து நான்கு வருஷம் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்த மனுஷர். ஓய்வு பெற்றதும் காலையில் நடைப்பயிற்சிக்குப் போவார் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். நடந்தது போதும் என்று உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தவர் சும்மா இருக்கவில்லை, ஒரு மர்ம நாவல் எழுதினார். இரண்டு வருஷம் ஆயிற்று. மனைவி தட்டச்சு செய்து கொடுத்தாள். தாமே வெளியிட்டு, இருநூறு பிரதி அச்சடித்து, கூடத்து மூலையில் அடுக்கினார். நாவலின் பெயர் ‘மூன்றாவது துப்பு’.

புகழ், பரிசு என்றெல்லாம் அவருக்கு ஆசை கிடையாது. ஒரே ஒரு ஆள் அந்தப் புத்தகத்தைப் படித்துக் கடைசி அத்தியாயத்தில் ஏமாந்து போக வேண்டும். அந்த ஆள் அவருடைய அக்கா. எழுபத்து நாலு வயது, இடுப்பு எலும்பு முறிந்ததிலிருந்து வீட்டோடு இருப்பவள். ஐம்பது வருஷமாக மர்மக் கதைகளைத் தவிர வேறெதையும் படிக்காதவள். எந்தக் கதையானாலும் பாதியில் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, “இவன்தான்டா” என்று தம்பிக்குப் போன் போடுவாள். இதுவரை ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. சின்ன வயதிலிருந்து அந்த “இவன்தான்டா”வைக் கேட்டுக் கேட்டு மீட்டர்காரருக்குள் ஒரு வைராக்கியம் வளர்ந்திருந்தது.

அச்சகத்திலிருந்து வந்த அன்றைக்கே முதல் பிரதியோடு ஓடினார். அக்கா தொடவில்லை.

“நீ கையில குடுத்தா நான் தம்பி எழுதினதுன்னு படிப்பேன். தப்பு தெரியாது. நூலகத்துல இருந்து வரட்டும். யாரோ எழுதினதுன்னு படிச்சாத்தான் உன் லட்சணம் என்னன்னு தெரியும்” என்றாள்.

நியாயமான பேச்சு. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை செவ்வாய்க்கிழமை நூலக வண்டி அக்கா வீட்டு வாசலுக்கு வரும். அதில் புத்தகம் ஏற வேண்டுமானால் வாரியத்தில் பதிவாக வேண்டும். மீட்டர்காரர் விண்ணப்பம் கொடுத்தார். ஆறு வாரத்தில் பதிவு அட்டை தபாலில் வந்தது. ‘வகை: பொதுச் சுகாதாரம். உட்பிரிவு: துப்புதல்.’

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை படித்தார். அப்படியேதான் இருந்தது.

வாரியக் கட்டடத்தின் இரண்டாவது மாடியில் வகைப்பாட்டுப் பிரிவு. பிரிவு எழுத்தர் அமைதியானவர். மேசையில் மூன்று பசைப் புட்டிகள், ஒரு அளவுகோல். புத்தகம் மட்டும் ஒன்றுகூட இல்லை.

“தலைப்புல என்ன இருக்கோ அதுதான் சார் வகை. உள்ள படிக்க ஆரம்பிச்சா அது எங்க போய் முடியும்? மூன்றாவது துப்புன்னு போட்டிருக்கீங்க. ஒருத்தன் மூணு தடவை துப்பியிருக்கான். முதல் ரெண்டுக்கு எச்சரிக்கை, மூணாவதுக்குத் தண்டனை. நல்ல கருத்துதான்.”

“இது துப்பறியும் நாவல்ங்க.”

“துப்பை அறியணும்னா பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பணும். அதுவும் சுகாதாரம்தான் சார்.”

மீட்டர்காரர் பொறுமையாக விளக்கினார். துப்பு என்றால் தடயம், ஒரு கொலை நடக்கிறது, மூன்று தடயங்கள் கிடைக்கின்றன என்றெல்லாம் சொன்னார். எழுத்தர் அனுதாபத்தோடு கேட்டுக்கொண்டார். வகையை மாற்றலாம், தடையில்லை. ஆனால் உள்ளே குற்றம் நடந்திருக்கிறது என்பதை நிரூபிக்க வேண்டும். அதற்கு வகை மாற்றப் படிவம் இருக்கிறது. ஒன்பதாவது இனத்தில் கேட்டிருந்தார்கள்: ‘குற்றவாளியின் தொழில், செய்த குற்றம், வெளிப்படும் பக்கம்.’

‘கடைசி அத்தியாயத்தில் தெரியவரும்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். நான்கு நாளில் படிவம் திரும்பி வந்தது. ஓரத்தில் சிவப்பு மையில் குறிப்பு: ‘தெரியவரும் என்பது எதிர்காலம். படிவம் நிகழ்காலத்தில் நிரப்பப்பட வேண்டும்.’

வேறு யாராவது என்றால் அன்றோடு விட்டிருப்பார்கள். மீட்டர்காரருக்கு உள்ளே ஆள் இருந்தது. வாரியத்தின் செயலர் வேறு யாருமில்லை, தண்ணீர் இலாகாவில் இருபத்தேழு வருஷம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த நண்பர். எதற்கெடுத்தாலும் “நிதானமா இரு” என்பார். அதனால் இலாகா முழுக்க அவருக்கு நிதானம் என்றே பெயர். அக்கா கட்டிக் கொடுத்த சாப்பாட்டை இருவரும் ஒரே டப்பாவில் தின்றிருக்கிறார்கள். நிதானம் ஒரு முறை தப்பான கட்டடத்துக்குத் தண்ணீரைத் துண்டித்துவிட்டார். அது பிரசவ மருத்துவமனை. விசாரணை வந்தபோது மீட்டர்காரர், “நான்தான் எண்ணை மாத்திச் சொன்னேன்” என்று பழியைத் தம் தலையில் போட்டுக்கொண்டார். மீட்டர்காரருக்கு வரவேண்டிய பதவி உயர்வு போயிற்று. நிதானம் சுத்தமான பதிவேட்டோடு வாரியத்துக்கு மாற்றலாகி, படிப்படியாகச் செயலர் ஆனார். அதை இருவரும் பிறகு ஒரு நாளும் பேசிக்கொண்டதில்லை.

“இவ்வளவுதானா விஷயம்? நிதானமா இரு. நான் இருக்கேன்ல” என்றார் நிதானம். “கொலையாளி யாருன்னு ஒரு தாள்ல எழுது. உறையில போட்டு ஒட்டி, மேல ரகசியம்னு எழுதி என் கையில குடு. என் இழுப்பறையை விட்டு அது வெளிய வராது.”

கொலையாளி யார் என்பதை இங்கே சொல்ல எனக்கும் தயக்கம்தான். ஆனால் ஊருக்கே தெரிந்த விஷயத்தை உங்களிடம் மட்டும் மறைப்பது மரியாதையில்லை. கொலை நடந்த வீட்டிலிருந்து ஒருவன் வெளியே வருவதை எதிர்வீட்டு மூதாட்டி ஜன்னலிலிருந்து பார்க்கிறாள். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் சாட்சிக் கூண்டில் ஏறி, அந்த அம்மாவுக்குப் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாது, கண்ணைச் சோதித்துக் கண்ணாடி கொடுத்தவனே நான்தான் என்கிறார். எல்லாரும் நம்பிவிடுகிறார்கள். அவர்தான் கொலைகாரர். இதை யோசித்துப் பிடிக்க மீட்டர்காரருக்குப் பதினோரு மாதம் ஆயிற்று.

எழுதினார், ஒட்டினார், ‘ரகசியம்’ என்று பெரிதாகப் போட்டார். நிதானம் அவர் கண்ணெதிரே உறையை இழுப்பறையில் வைத்துப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுத் தட்டிக் காட்டினார். மீட்டர்காரர் நிம்மதியாக வீட்டுக்கு வந்து சாப்பிட்டார்.

பத்தாம் நாள் மூக்குக்கண்ணாடி வணிகர் சங்கத்திலிருந்து அழைப்பு வந்தது. போனால் நாற்பத்திரண்டு பேர் கண்ணாடி போட்டுக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சங்கத் தலைவர் எழுந்து நின்றார்.

“எங்க தொழில்ல இருநூறு வருஷமா யாரும் யாரையும் கொன்னது கிடையாது. பவரை மாத்தி எழுதிக் குடுப்போம். நல்லாத் தெரியற கண்ணுக்கும் கண்ணாடி குடுப்போம். ரெண்டு வருஷத்துல உடையற மாதிரி பிரேம் குடுப்போம். ஆனா உயிரை எடுத்ததில்லை. செத்துப்போன ஆளு மறுபடியும் கண்ணாடி மாத்த வரமாட்டான்ங்கறது எங்களுக்குத் தெரியாதா?”

கைதட்டல் அடங்கியதும் அவர் ஒரு யோசனை சொன்னார். கொலையாளியைப் பல் மருத்துவராக மாற்றிவிடலாம், மக்கள் தயங்காமல் நம்புவார்கள் என்றார். பல்லை வைத்து ஒரு மூதாட்டியின் பார்வையைப் பற்றிச் சாட்சி சொல்ல முடியாது என்று மீட்டர்காரர் மன்றாடினார். கடைசியில் சங்கம் இறங்கி வந்தது. கொலையாளி சங்க உறுப்பினர் அல்ல என்று முதல் பக்கத்தில் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டினால் போதும், ஆட்சேபம் இல்லை.

மீட்டர்காரர் நேரே நிதானத்திடம் போனார். “இவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?”

“சம்பந்தப்பட்ட தொழில்காரங்க கருத்தைக் கேக்கணும்னு விதி இருக்கே. நானே போய்ச் சொன்னேன். உறையைக் குடுக்கல, பாரு. அது இழுப்பறையிலதான் இருக்கு.”

இழுப்பறையைத் திறந்து காட்டினார். உறை இருந்தது. ஒட்டிய வாய் மட்டும் பிரிந்திருந்தது.

அடுத்த திங்கட்கிழமை நகரத்தின் எல்லா நூலகக் கிளைகளின் வாசலிலும் ஓர் அறிவிப்பு தொங்கியது. ‘மூன்றாவது துப்பு என்னும் நூலில் கொலையைச் செய்தவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் (பக்கம் 207) எனத் தெரிவிக்கப்பட்டுள்ளது. இவர் கொலையாளியாக இருப்பதில் ஆட்சேபம் உள்ளவர்கள் முப்பது நாட்களுக்குள் எழுத்துமூலம் தெரிவிக்கலாம்.’ நாளிதழ் படிக்க வந்தவர்கள், மின்விசிறிக்குக் கீழே தூங்க வந்தவர்கள் எல்லாரும் நின்று படித்தார்கள். ஒருவர் தெருவில் மீட்டர்காரரை நிறுத்திக் கைகுலுக்கி, “நான் பல் டாக்டர்னு நினைச்சேன்” என்றார். அவர் நாவலைப் படித்தவரே அல்ல.

இந்த முறை மீட்டர்காரர் கதவைத் தட்டாமலே உள்ளே போனார். கோபத்தில் அவருக்கு நாக்கு குழறியது. நிதானம் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்தார்.

“நிதானமா இரு. தப்பு உன் மேலதான், நான் சொல்லக் கூடாது. மேல ரகசியம்னு எழுதிட்டே. ரகசியம்னு போட்ட எதையும் முப்பது நாள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கணும், அதுதான் எங்க வெளிப்படைத்தன்மைக் கொள்கை. ரகசியம்னு போடாம சாதாரணமாக் குடுத்திருந்தா எங்க ஆபீஸ்ல ஒரு ஈ காக்காகூடப் பாத்திருக்காது.”

“நீதானேப்பா எழுதச் சொன்னே.”

“சிநேகிதனாச் சொன்னேன். செயலரா என்கிட்ட நீ கேக்கலையே.”

மீட்டர்காரர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஊர் எப்படியோ போகட்டும், அக்காவுக்கு மட்டும் தெரியக் கூடாது, நான் எழுதினதே அதுக்குத்தான் என்றார். சொல்லும்போது குரல் உடைந்தது. நிதானத்துக்கும் கண் கலங்கியது, அதை மறுக்க முடியாது.

“அக்கா வாசல்படி தாண்ட மாட்டாங்க. அவங்க காதுக்கு இந்த விஷயம் போகாது. அது என் பொறுப்பு” என்று மீட்டர்காரரின் கையைப் பிடித்துச் சொன்னார். முப்பது வருஷத்து நட்பு அந்தப் பிடியில் இருந்தது. மீட்டர்காரர் நம்பினார்.

முப்பது நாளில் ஆட்சேபம் எதுவும் வரவில்லை. ஆனால் வகைப்பாட்டுக் குழு கூடி ஒரு சிக்கலைக் கண்டுபிடித்தது. கொலையாளி யார் என்று வாசகர் அறியாமல் இருந்தால்தான் அது மர்ம நாவல். இந்த நாவலின் கொலையாளி யார் என்பது வாரியமே ஒட்டிய அறிவிப்பின் மூலம் அனைவருக்கும் தெரிந்துவிட்டது. ஆகவே இது மர்ம நாவல் ஆகாது. சுகாதாரத்திலேயே இருக்கட்டும் என்று பாதிப் பேர் சொன்னார்கள். மீதிப் பேர் மனிதாபிமானிகள். அவர்கள் ஒரு வழி கண்டார்கள். அதற்கு வியப்பு உறுதிமொழி என்று பெயர் வைத்தார்கள்.

‘குற்றவாளி யார் என்பதை நான் அறிவேன். அறியாதவரைப் போலவே இந்நூலை வாசித்து, பிறர் மீது சந்தேகம் கொண்டு, 207ஆம் பக்கத்தில் வியப்பேன் என உறுதி கூறுகிறேன்.’

ஐம்பது வாசகர்கள் இதில் கையெழுத்திட்டால் வகை மாறும். மூன்றே வாரத்தில் நிதானம் போன் செய்தார். “ஐம்பதும் வந்தாச்சு. உன் நாவல் இப்ப துப்பறியும் நாவல். வர்ற செவ்வாய் வண்டியில ஏறுது.”

அட்டையில் வாரியம் ஒட்டுகிற வில்லை ஒன்று இருக்குமே, அதில் கொலையாளி வரை எல்லா விவரமும் அச்சாகியிருக்குமே என்ற கவலை மட்டும் மீட்டர்காரருக்கு மிச்சமிருந்தது. செவ்வாய்க்கிழமை காலையிலேயே அக்கா வீட்டுத் தெருமுனையில் போய் நின்று, நூலக வண்டியை மறித்தார். வண்டியில் வரும் அம்மாள் நல்லவள். வில்லையைக் கிழிப்பது குற்றம், ஆனால் புத்தகத்துக்கு அட்டை போடுவது பராமரிப்பு என்று அவளே வழி சொன்னாள். மீட்டர்காரர் வண்டிப் படியில் உட்கார்ந்து, பழுப்புத் தாளில் மடிப்புக் கலையாமல் அட்டை போட்டு, துண்டுச் சீட்டு ஒட்டிய முதல் பக்கத்தையும் அந்த மடிப்புக்குள் சொருகினார். வண்டி அக்கா வீட்டு வாசலில் போய் நின்றதைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டுத்தான் திரும்பினார்.

அடுத்த ஒன்பது நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் அக்கா போன் செய்தாள். “ஆரம்பிச்சிருக்கேன். நல்லாத்தான் போகுது.” ஐந்தாம் நாள் பாதியைத் தாண்டியிருந்தாள். மீட்டர்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த “இவன்தான்டா”வுக்காகக் காத்திருந்தார். வரவில்லை.

“எனக்கென்னமோ அந்த டாக்டர் மேலதான் சந்தேகமா இருக்கு” என்றாள்.

போனை வைத்துவிட்டு மீட்டர்காரர் கூடத்தில் இரண்டு சுற்றுச் சுற்றினார். ஏழாம் நாள் அக்காவின் சந்தேகம் தோட்டக்காரன் மேல் போயிற்று. ஒன்பதாம் நாள் சாயங்காலம் மறுபடியும் போன்.

“முடிச்சுட்டேன்டா. இருநூத்தி ஏழாம் பக்கத்துல தூக்கிவாரிப் போட்டுடுச்சு. கடைசி வரைக்கும் நான் நினைக்கவே இல்லை.”

மீட்டர்காரர் குழந்தை மாதிரி அழுதார். மனைவி பயந்துபோய் ஓடிவந்தாள். “ஜெயிச்சுட்டேன், அவளை ஜெயிச்சுட்டேன்” என்று சொல்லத்தான் அவருக்கு முடிந்தது. ஐம்பது வருஷமாக மர்மக் கதை படிக்கிற அக்கா ஒரு நாளும் பக்க எண் சொன்னதில்லை என்பது அவருக்கு உறைக்கவில்லை. நாவல் முழுக்கத் துப்புக் கொடுத்த மனுஷர்தான்.

மறுநாள் நன்றி சொல்ல வாரியத்துக்குப் போனார். நிதானம் ஒரு கூட்டத்தில் இருந்தார். வகைப்பாட்டு எழுத்தர் உட்காரச் சொல்லி, கோப்பை முடித்து வைக்க ஒரு கையெழுத்து வேண்டும் என்று நீட்டினார். உறுதிமொழிப் படிவங்கள் ஐம்பதும் வரிசையாகத் தைக்கப்பட்டிருந்தன. முதல் படிவத்தில் இருந்த கையெழுத்தை மீட்டர்காரர் பள்ளிக்கூட நாளிலிருந்து அறிவார். மதிப்பெண் அட்டையில் அப்பாவுக்குப் பதிலாக அக்காதான் போட்டுக் கொடுப்பாள். தேதி, வண்டி வந்ததற்கு மூன்று வாரம் முந்தியது. கீழே, ‘என் முன்னிலையில் படித்துக் காட்டப்பட்டது’ என்ற இடத்தில் நிதானத்தின் கையெழுத்து.

கூட்டம் முடிந்து நிதானம் வெளியே வந்தபோது மீட்டர்காரர் அந்தப் பக்கத்தைத் திறந்தபடியே வைத்திருந்தார்.

“யாரும் முதல்ல கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டாங்க” என்றார் நிதானம். “அக்கா இந்த ஊர்லயே பெரிய வாசகி. அவங்க போட்டா மத்தவங்க தன்னால போடுவாங்க. அதே மாதிரிதான் நடந்துச்சு, பாரு. உனக்காகத்தான் போனேன்.”

“அவ காதுக்குப் போகாதுன்னு என் கையைப் பிடிச்சுச் சொன்னியே.”

“காதுக்குப் போகலையே. படிவத்தைக் கையிலதானே குடுத்தேன். அவங்களே கண்ணால படிச்சுக்கிட்டாங்க.”

“படித்துக் காட்டப்பட்டதுன்னு கையெழுத்துப் போட்டிருக்கே.”

“அது படிவத்துல அப்படித்தான் இருக்கும். அதையெல்லாம் நிஜம்னு எடுத்துக்கலாமா?”

மீட்டர்காரர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் குற்ற உணர்ச்சி என்று ஒன்றும் இல்லை. ஒரு நண்பனுக்கு நல்லது செய்து முடித்த களைப்புதான் இருந்தது. பிரசவ மருத்துவமனை விசாரணை அன்றைக்கும் இதே முகம்தான். அன்றைக்கு அதை அவர் நன்றி என்று நினைத்துக்கொண்டார். படியிறங்கினார். இருபத்தேழு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் யார் என்று கண்டுபிடிக்கத் தெரியாதவன் துப்பறியும் நாவல் எழுதப் புறப்பட்டேனே என்று வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டு போனார்.

அக்கா கட்டிலில் சாய்ந்திருந்தாள். புத்தகம் பக்கத்தில் கிடந்தது. அவர் வந்து நின்ற விதத்திலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது.

“அவன் வந்து நீட்டினான்டா. படிக்காம கையெழுத்துப் போடற பழக்கம் எனக்குக் கிடையாது, உனக்குத் தெரியும். போடலைன்னா உன் புத்தகம் எச்சில் அலமாரியிலேயே கெடக்கும்னான். என்ன பண்ணச் சொல்றே?”

“என்கிட்டச் சொல்லியிருக்கலாமே.”

“வண்டியில ஏறப் போகுதுன்னு தெரிஞ்ச அன்னைக்கு ராத்திரி நீ போன்ல எவ்வளவு சந்தோஷமாப் பேசினே. அதுக்கப்புறம் எப்படிச் சொல்றது?”

“அப்ப டாக்டர், தோட்டக்காரன்லாம்?”

“உறுதிமொழி குடுத்திருக்கேனே” என்றாள் அக்கா. சிரிக்கவில்லை. அவள் வாக்குக் கொடுத்தால் அப்படித்தான்.

மீட்டர்காரர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். அவருக்கு அழுகை வரவில்லை. ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. அதைக் கேட்கவும் பயமாக இருந்தது.

“அக்கா, உண்மையைச் சொல்லு. அவன் வராம இருந்திருந்தா, நீ கண்டுபிடிச்சிருப்பியா?”

அக்கா புத்தகத்தை எடுத்து, சாட்சிக் கூண்டு வருகிற அத்தியாயத்தைப் பிரித்தாள். அந்தப் பக்கங்களின் ஓரம் விரல் பட்டுப் பட்டு மழுங்கியிருந்தது. வெகுநேரம் வரிகளின் மேல் பார்வையை ஓட்டினாள். பிறகு மூடி வைத்தாள்.

“பத்துத் தடவை திரும்பத் திரும்பப் படிச்சுப் பாத்துட்டேன். எதுவும் தெரியாதவ மாதிரியே படிச்சுப் பாத்தேன்” என்றாள். “அது இனிமே எனக்கே தெரியாதுடா.”